தலைமாடு

இங்கே இருப்பவர்கள் மாப்பிள்ளை நந்தகுமார், இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையன், வெள்ளையனோடு வந்து அவரோடு திரும்பிப் போக மனமில்லாத ஒரு செவலை நாய், கடைசியில் நான். வாணியை விட்டுவிட்டு எண்ண எனக்கு இன்னும் பழகவில்லை. எண்ணி முடித்ததும் ஒன்று கூடுதலாக நிற்கிறது, பிறகு அதைக் கழிக்க வேண்டியிருக்கிறது. கோழிப்பண்ணையில் முட்டை அட்டை எண்ணியே காலம் தள்ளியவன் நான், அட்டைக்கு முப்பது, லாரியில் ஏறும்போது ஒரு முறை, கதவு சாத்துமுன் ஒரு முறை, என் கணக்கில் கூடக்குறைய வந்தது இல்லை, முதலாளியே வந்து கேட்டாலும் வாயைத் திறந்து பேச வராது, எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது மூன்று பேரும் ஒரு நாயும் நிற்கிற இடத்தில் கணக்கு தவறுகிறது. வாணி என் மகள். ஒரே மகள். தை மாதம் போய்விட்டாள். இந்த வண்டியின் தலையில் மடிந்து கிடக்கிற கூடாரம் அவள் கேட்டு வாங்கியது. கல்யாண நாளுக்கு வளையல் வேண்டாம், காருக்கு மேல் போட்டுப் படுக்கிற கூடாரம் வேண்டும் என்று சொன்னாளாம், அவள் மாமியார் அதைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் போட்டார், உங்கள் பெண்ணுக்கு வீட்டுக்குள் படுக்கப் பிடிக்கவில்லையாம் என்று. சரிங்க என்றேன். அப்புறம் வாணி என்னிடம் சொன்னாள், அப்பா, மேல படுத்தா இலையில தண்ணி சொட்டற சத்தம் காதுகிட்டயே கேக்கும், ஒரு தடவை வந்து படுத்துப் பாரேன். வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு வருடம் போயிற்று. வந்திருக்கிறேன்.

நானாக வரவில்லை. புதன்கிழமை மாப்பிள்ளை போனில் பேசினார். எப்போதும் போல உடம்பு எப்படி, மாமாவுக்கு மூட்டுவலி எப்படி என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போறேனுங்க அத்தை, தனியாத்தான், ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துடுவேன் என்றார். என் மனைவி ராஜாமணி போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தனியாத்தான் என்ற ஒரு வார்த்தையைத்தான் இருவரும் கேட்டோம். அவர் இளைத்துவிட்டார், சட்டை தோளில் தொங்குகிறது, வேலைக்குப் போகிறார், வருகிறார், யார் என்ன கேட்டாலும் சிரிக்கிறார், அந்தச் சிரிப்புதான் எங்களுக்குப் பயம். மலையில் கிடுகிடு பள்ளங்கள் இருக்கின்றன. அதை ராஜாமணியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்களும் போங்க, என்றாள், கூடவே படுத்துக்குங்க. மருமகனோடு ஒரே படுக்கையில் மாமனார் படுப்பதா, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற கட்டிலில்கூட நான் உட்கார மாட்டேன், வாணிக்குத் திருமணமான ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதில் ஏழு வார்த்தை வாங்க, சாப்பிடுங்க, சரிங்க. ஆனாலும் வேட்டி ஒன்று, போர்வை ஒன்று, மாத்திரை டப்பா எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வண்டி வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்தார். முன் சீட்டில் கிடந்த பையை எடுத்துப் பின்னால் போட்டார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அது அவள் இடம் என்று உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது, அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன், பலகையிலும் எண் போட்டிருக்கிறது, ஒத்துவருகிறதா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குத் திசை போய்விட்டது. அது எனக்குப் பழக்கமில்லாத நோய். எங்கள் ஊரில் எல்லாமே திசைதான், வடக்கால தள்ளி உக்காரு, அந்தச் சொம்பைக் கெழக்கால வை, தெக்கால பல்லு வலிக்குது என்றுகூட என் அண்ணன் பல் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார், அந்த மனிதர் எந்தப் பல் என்று தெரியாமல் விழித்தாராம். இருட்டில் எழுப்பிவிட்டுக் கேட்டாலும் கிழக்கைக் காட்டுவேன். இங்கே வளைந்து வளைந்து ஏறி, மேலே வந்தால் ஒரே பனிமூட்டம், சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. மாப்பிள்ளை வண்டியைச் சவுக்கு மரங்களுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார், பிறகு பின்னால் எடுத்தார், முன்னால் விட்டார், இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறித் திருப்பினார். மேடு பள்ளம் பார்க்கிறார் என்று நினைத்தேன், மேலே படுக்கிறவர்கள் உருளக் கூடாது இல்லையா. நான் கீழே நின்று, வரலாம் வரலாம் என்று கை காட்டினேன், கையை எந்தப் பக்கம் காட்டுகிறேன் என்பது எனக்கே தெரியாமல். மூக்குப் பக்கம் கொஞ்சம் மேடு, வால் பக்கம் பள்ளம், அப்படி நிறுத்திவிட்டு இறங்கினார். மாமா, அந்தக் கொக்கிய மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுங்க என்றார். எடுத்தேன். ஏணியைப் பிடித்து இழுத்ததும் பெட்டி மாதிரி மடிந்திருந்த அந்தக் கூடாரம் புத்தகம் விரிகிற மாதிரி வண்டிக்குப் பின்பக்கமாக விரிந்தது, பாதி கூரைமேல், பாதி அந்தரத்தில், அந்தரத்துப் பாதியை ஏணி தாங்கி நின்றது. உள்ளே மெத்தை ஏற்கனவே விரிந்தே இருந்தது. தலைமாடு வண்டியின் மூக்குப் பக்கம், கால்மாடு ஏணிப் பக்கம்.

அப்போதுதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை வடக்கே நிற்கும். வடக்கே பார்த்து வந்தோம், திருப்பித் திருப்பிக் கடைசியில் வந்த முகத்தில்தான் வண்டி நிற்கிறது என்று பட்டது. அப்படியானால் மூக்கு வடக்கு. மூக்கு வடக்கு என்றால் தலைமாடு வடக்கு. வடக்கே தலைவைத்து இந்த மனிதர் படுக்கப் போகிறார். இல்லை, இவ்வளவு வளைவு வளைந்து வந்திருக்கிறோம், எப்படி வடக்கு என்று சொல்வது. ஆனால் ஏறும்போது கடைசியாக வெயில் அடித்தது என் இடது கன்னத்தில், மத்தியானத்துக்குப் பிறகு, அதனால் இடது மேற்கு, முன்னால் வடக்கு. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை முறை திரும்பினோம். அதை எண்ணாமல் விட்டுவிட்டேன், மற்றதையெல்லாம் எண்ணினேன், அதை விட்டுவிட்டேன். வெள்ளையன் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். பன்னி வெரட்டப் பரண் கட்டுவோமுங்க, அதுல படுக்கச் சொன்னா எங்க பசங்களே அழுவானுங்க, நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வந்து படுக்கறீங்க என்றார். மாப்பிள்ளை சிரித்தார், அதே சிரிப்பு. அவர் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து நான் வெள்ளையன் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, வடக்கு எந்தப் பக்கமுங்க என்று கேட்டேன். அவர் யோசித்தார். வடக்கா, எங்களுக்கு மேலால, கீழால, அவ்வளவுதானுங்க, வடக்கெல்லாம் கீழ இருக்கறவங்க வெச்சுக்கிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கியவர் போல, நாமக்கல்லு அந்தப் பக்கமுங்க என்று மோவாயால் பாதி மலையைச் சுற்றிக் காட்டினார். அந்த மோவாய் போன வழியில் நான்கு திசையும் அடங்கிவிட்டது. அவர் போய்விட்டார். நாய் போகவில்லை.

சேலத்தில் வாணி படுத்திருந்த கட்டிலும் வடக்குதான். பெரிய ஆஸ்பத்திரி, நான்காவது மாடி, ரத்தத்தில் வந்த நோய், முதல் வாரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அப்பா அந்த இட்லிய நீயே சாப்பிடு என்பாள். காலையில் ஜன்னல் வழியாக வெயில் வந்து அவளுடைய இடது கையில் விழும், ஊசி குத்தியிருந்த கை, பிளாஸ்திரியின் ஓரம் மினுங்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், இடது கிழக்கு, அப்படியானால் கால் தெற்கு, தலை வடக்கு. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். அன்று முழுவதும் அந்த அறையில் எதைப் பார்த்தாலும் வடக்காக இருந்தது. ராஜாமணியிடம் சொல்லவில்லை. ராத்திரி வேலைக்கு வருகிற நர்ஸ் பெண் கொஞ்சம் தன்மையானவள், அவள் தனியாக வரும்வரை காத்திருந்து, வராந்தாவில் வைத்துக் கேட்டேன், அம்மிணி, அந்தக் கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட முடியுங்களா. அவள் சிரிக்கவில்லை, அதை நான் மறக்க மாட்டேன். ஐயா, ஆக்சிஜன் குழாய் சுவத்துல இருக்குது, குழாய் எங்க இருக்குதோ தலை அங்கதான் இருக்கணும் என்றாள். சரிங்க என்றேன். சரிங்க என்பதற்கு மேல் என்ன இருக்கிறது. உயிரைக் கொடுக்கிற காற்று வடக்கிலிருந்துதான் வருகிறது என்றால் தலையை அங்கேதான் வைக்க வேண்டும். அந்தக் கட்டிலுக்கும் சக்கரம் இருந்தது, நான்கு சின்னச் சக்கரம், எல்லாவற்றிலும் பூட்டு. இந்தக் கட்டிலுக்கும் நான்கு சக்கரம் இருக்கிறது, பூட்டு இல்லை, சாவி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது, குழாய் கிடையாது, சுவர் கிடையாது, காற்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. திருப்பலாம். இந்த ஒரு கட்டிலைத் திருப்பலாம். கேட்டால் போதும்.

ஆனால் எப்படிக் கேட்பது. இவ்வளவு நேரம் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்து நிறுத்தியவரிடம் போய்த் திருப்புங்கள் என்று மாமனார் சொல்வதா. எதுக்குங்க மாமா என்று கேட்பார். வடக்கு என்று சொல்ல வேண்டும். வடக்கு என்றால் அந்த அறை. அந்த அறையைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, காரியம் முடிந்த அன்றுகூட வாழை இலை போதுமா என்பதைத்தான் பேசினோம். அவர் படித்தவர், பெரிய கம்பெனியில் பம்பு டிசைன் செய்கிறவர், இதையெல்லாம் நம்புவாரோ என்னவோ, நம்பாவிட்டால் பரவாயில்லை, கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திருப்பிவிடுவார், நம்பினால்? நம்பினால் அந்தக் கட்டிலும் வடக்கு என்று இன்றுதான் அவருக்குத் தெரியவரும். என் வாயால் தெரியவரும். வேறு வழி பார்த்தேன். தலையை மாற்றி ஏணிப் பக்கம் போட்டுப் படுத்தால்? ஏணிப் பக்கம் பள்ளம், தலையில் ரத்தம் இறங்கும், அதுவும் போகட்டும், நான் ராத்திரி இரண்டு முறையாவது எழுந்து கீழே இறங்க வேண்டும், வாசல் அந்தப் பக்கம்தான், மாப்பிள்ளையின் தலையைத் தாண்டிக்கொண்டு போவதா. கூடாது. நான் மட்டும் காரில் சீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்? அப்போது அவர் தனியாக மேலே வடக்கே தலைவைத்துப் படுப்பார். ராஜாமணி சொன்னது கூடவே படுத்துக்குங்க என்று. மெத்தையை எடுத்துக் குறுக்கே போட்டால்? நீளம் போதாது, முழங்கால் மடங்கும். வண்டிக்குப் பின்னால் நின்று எல்லா வழிகளையும் எண்ணினேன். நாய் என் காலை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. அதுவாவது எந்தப் பக்கம் படுக்கிறது என்று பார்த்தேன், வட்டமாகச் சுருண்டு படுத்தது, அதற்குத் தலைமாடும் இல்லை கால்மாடும் இல்லை.

மாப்பிள்ளை அடுப்பு பற்றவைத்து அரிசியும் பருப்பும் சேர்த்துப் போட்டுக் கிளறினார். அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. வெங்காயத்தை வாணி அரிகிற மாதிரியே நீளநீளமாக அரிந்தார், அவளுக்குப் பொடியாக அரிய வராது, ராஜாமணி எத்தனையோ திட்டியிருக்கிறாள். தட்டில் போட்டுக் கொடுத்தார். போதுங்களா மாமா. போதுங்க. அவர் தட்டில் நான்கு வாய் அளவு இருந்தது, அதில் இரண்டு வாய் நாய்க்குப் போயிற்று. உப்பு சரியாக இருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, எந்தப் பக்கமிருந்து குறைகிறது என்று பார்த்தேன், மேற்கே கடைசியாகக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் அல்லவா, மிஞ்சவில்லை, பால் பாத்திரத்தில் மூடி போட்ட மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே சமயம் மங்கியது. தூறல் விழுந்தது. நனையாதீங்க, நான் மொதல்ல ஏறிக் கம்பளிய விரிச்சுடறேன், அப்பறம் நீங்க ஏறலாம் என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். துணி சரசரத்தது. வண்டி ஒரு முறை அசைந்து நின்றது. பிறகு சத்தம் இல்லை. விரிப்பதற்கு இவ்வளவு நேரமா. நிமிர்ந்து பார்த்தேன். அவர் படுத்துவிட்டிருந்தார், சும்மா களைப்பில் சாய்ந்திருக்க வேண்டும், வாசல் துணிக்கு வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. என் முகத்துக்கு நேரே, உயரத்தில், சேர்ந்தாற்போல். குதிகாலில் வெடிப்பு. கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பாதங்களை எனக்குத் தெரியும், வாணியுடையது சின்னது, நகத்தில் பாதி அழிந்த சாயம் இருந்தது, யாரோ ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொண்டுவந்து கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், நான் அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன், கால்மாட்டில் நின்றால் எதிரே வடக்கு.

"எந்திரிங்க மாப்பிள்ளை," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நாய் எழுந்து நின்றுவிட்டது. "அங்க படுக்காதீங்க. எந்திரிங்க."

பாதங்கள் உள்ளே போயின, முகம் வெளியே வந்தது. என்னங்க மாமா, பூச்சி கீச்சி ஏதாவதா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் இறங்கி வந்து என் முன்னால் நின்றார், தூறல் இருவர்மேலும் விழுந்தது. சொல்லிவிட வேண்டும், இதற்கு மேல் நின்றால் சொல்ல முடியாது, கணக்குச் சொல்லிவிட்டு நகர்வது போல நகர்ந்துவிடலாம். "வண்டியக் கொஞ்சம் திருப்பிப் போட முடியுங்களா," என்றேன். "வடக்கால தலை இருக்குது."

அவர் என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை. நான் அவருடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பையிலிருந்து சாவியை எடுப்பார் என்று நினைத்தேன், போனை எடுத்தார். அதில் ஒரு வட்டமும் ஒரு சிவப்பு முள்ளும் தெரிந்தன, முள் ஆடி ஆடி நின்றது, வண்டியின் பக்கவாட்டில், சவுக்கு மரங்களைப் பார்த்து. அதுதான் வடக்கு என்றார். எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"தலைமாடு கெழக்குதானுங்க மாமா. இதப் பாத்துட்டுத்தான் நிறுத்தினேன்," என்றார்.

அதற்குத்தான் முன்னும் பின்னும் எடுத்தாரா. நான் கீழே நின்று வரலாம் வரலாம் என்று கை காட்டிக்கொண்டிருந்தேனே. எனக்கு வெட்கமாக இருந்தது, உடம்பு லேசாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று தெரியாது. சரிங்க என்றேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் போனை அணைத்தார், அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கயும் நான் கேட்டேன்," என்றார். "டூட்டி டாக்டர்கிட்ட. கொழாய் அந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு சொல்லல."

நானும் கேட்டேன் என்று சொன்னேனா, அல்லது சொன்னதாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. ஒரே அறையில், அவளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரே பதிலை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து, வெயில் அவள் கைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவளுக்கும் தெரிந்திருக்குமோ. என் மகளாயிற்றே, திசை தெரியாமல் இருக்குமா. கேட்டிருக்க மாட்டாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். மாப்பிள்ளை ஏணியைத் துடைத்தார், நான் வழுக்கக் கூடாது என்று ஒவ்வொரு படியாகத் தன் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"தனியா வந்திருந்தா எப்படியோ நிறுத்தியிருப்பேன் மாமா. அதெல்லாம் பாத்திருக்க மாட்டேன். நீங்க வந்ததாலதான் பாத்தேன்."

ராஜாமணியாக இருந்தால் அழுதிருப்பாள், அழுதால் அவரும் அழுதிருப்பார், அது நல்லதாக இருந்திருக்கும். எனக்கு வரவில்லை. அடுத்த தடவையும் வர்றேனுங்க என்றேன். அவர் துடைத்த கை அப்படியே நின்றது. பிறகு, சரிங்க மாமா என்றார், நான் சொல்கிற மாதிரியே. ஏறினேன். அவர் பின்னாலிருந்து என் முதுகில் கைவைத்துத் தாங்கினார், ஒன்பது வருடத்தில் அவர் கை என்மேல் பட்டது அதுதான் முதல். உள்ளே கம்பளியின் வாடை, மழைத்துணியின் வாடை. நான் ஒரு ஓரமாக, துணிச்சுவர் தோளில் இடிக்கிற அளவுக்கு ஒதுங்கிப் படுத்தேன், மாமனார் படுக்கிற மாதிரி. அவர் ஏறி வந்து விளக்கை அணைத்துவிட்டு அந்த ஓரமாக, அவர் பக்கத்துச் சுவர் புடைக்கிற அளவுக்கு ஒதுங்கிப் படுத்தார், மாப்பிள்ளை படுக்கிற மாதிரி. யாரும் யாரையும் தள்ளிப் படுக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு சீராக வந்தது. தூங்குகிறார். ராஜாமணியிடம் சொல்ல வேண்டும், தூங்கினார், தலை கிழக்கே. நான் இருட்டில் கையை நீட்டினேன், மெத்தை ஜில்லென்று இருந்தது, விரல்களை விரித்து என் விலாவிலிருந்து அவர் கம்பளியின் விளிம்புவரை வைத்து வைத்து எடுத்தேன், ஒரு முறை போதாது என்று இன்னொரு முறையும். எங்கள் இருவருக்கும் நடுவில் மீதி இரண்டு சாண், நான்கு விரற்கடை.